மெகலோபோலிஸின் புகைபோக்கிகள்

கிரேக்கத்தின் ஆர்க்காடியா மலைநாட்டில் இருக்கும் பழைய மெகலோபோலிஸ் அரங்கத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு: “அந்த அனல்மின் நிலையம் மட்டும் இல்லாமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!” பயணக் குறிப்புகளில் அதைப் படித்துவிட்டுத்தான் நானும் கிரேக்கத்துக்குக் கிளம்பினேன். மலை ஊரான ஸ்டெம்னிட்சாவில் நாங்கள் தங்கிய விடுதியில், காலைச் சாப்பாட்டின்போது பக்கத்து மேசைக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். வயதான தம்பதி. முந்தைய நாள் அரங்கத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள். “ஆர்க்காடியாவையே கெடுத்துவிட்டார்கள்” என்றார் அந்த அம்மாள், உண்மையான வருத்தத்தோடு. எனக்கு அவர்மேல் கோபமில்லை; படங்களில் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் கெடுவதற்கு முன்னால் அது எப்படி இருந்தது என்ற கேள்வி அன்றைக்குப் பிடித்துக்கொண்டது. பயணம் முடிந்து மாதக்கணக்கில் ஆகியும் விடவில்லை.

ஆர்க்காடியா என்றதும் ஐரோப்பியர் மனத்தில் எழும் படம் நமக்கும் பழகியதுதான்: புல்வெளி, மரநிழல், குழலூதும் இடையன், கவலையில்லாத காதல். அந்தப் படத்தை வரைந்தவர்கள் வெளியூர்க்காரர்கள். கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கவி வர்ஜில் தன் இடையர்களைக் கொண்டுபோய் அங்கே உட்கார வைத்தார். அவர் அந்த மலைகளில் கால் வைத்ததற்குச் சான்று எதுவும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் நிக்கோலா பூசான், கல்லறை ஒன்றைச் சுற்றி நின்று அதன் எழுத்துகளை விரலால் தடவிப் படிக்கும் ஆர்க்காடிய இடையர்களை வரைந்தார். பிரான்சில் பிறந்து ரோமில் வாழ்ந்த ஓவியர் அவர். இரண்டும் அழகான கற்பனைகள். ஆனால் அந்த மண்ணிலேயே பிறந்த ஒருவர் அதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். கி.மு. 200 வாக்கில் மெகலோபோலிஸில் பிறந்த வரலாற்றாசிரியர் பொலிபியஸ். அவர் எழுத்தில் வரும் ஆர்க்காடியா குளிரும் இருட்டும் நிறைந்த நாடு. நிலம் கரடுமுரடானது, உழைப்பு கடுமையானது, அதனால் மனிதர்களும் கரடுமுரடானவர்கள். சொந்த ஊரை இவ்வளவு கறாராக எடைபோடுகிறவரை நான் நம்புவேன்.

போய்ப் பார்த்தால் பொலிபியஸ் சொன்னதுதான் கண்ணில் படுகிறது. கொரிந்த் பக்கமிருந்து வரும் நெடுஞ்சாலை ஏறிக்கொண்டே வந்து, கிட்டத்தட்ட 650 மீட்டர் உயரத்தில் திரிப்போலி நகரம் இருக்கும் சமவெளிக்குள் நுழைகிறது. அதற்கு மேற்கே மைனாலோ மலை, 1,981 மீட்டர். அதன் சரிவெல்லாம் கரும்பச்சைத் தேவதாரு. குளிர்காலத்தில் பனிச்சறுக்க ஆட்கள் வரும் இடம் அது. ஊர்கள் பள்ளத்தாக்கின் விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கின்றன. வயல் என்று பார்த்தால் கல்லை அடுக்கி மண்ணைத் தேக்கிய படிகள்தான், அவற்றிலும் பாதி இன்றைக்குப் புதர். லங்காடியா என்ற ஊரில் விளைச்சலை நம்பிப் பிழைக்க முடியாமல் ஆண்கள் கல்தச்சர்களாகி, குழுகுழுவாகத் தென்கிரேக்கத் தீபகற்பமான பெலொப்பொனீஸ் முழுக்கப் போய் வீடும் பாலமும் கோயிலும் கட்டினார்கள். இந்த வட்டாரத்துக் கல்வீடுகளின் அழகைப் புகழாத பயணி இல்லை. வயிறு நிறையாத ஊர் கற்றுக்கொண்ட தொழில் அது.

அரங்கத்தில்

என்னோடு வந்தவர் என் அண்ணன். அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பழைய கோயில்களை என் பொருட்டுப் பொறுமையாகச் சுற்றிப் பார்த்தார். மெகலோபோலிஸில் மட்டும் என்னைவிட அவருக்குத்தான் அவசரம்.

கிரேக்கத்திலேயே பெரிய அரங்கம் இது என்று பயண எழுத்தாளர் பௌசானியாஸ் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுதினார். குன்றின் சரிவைக் குடைந்து கட்டியது. ஏறத்தாழ இருபதாயிரம் பேர் உட்காரலாம் என்கிறார்கள். இப்போது கீழ் வரிசைகளின் கல் இருக்கைகள்தான் மிஞ்சியிருக்கின்றன, மேலே புல்லும் மரமும் மூடிவிட்டன. முன்வரிசை இருக்கைகளில் எந்தக் குலத்தார் எங்கே உட்கார வேண்டும் என்று வெட்டிய எழுத்துகளை இன்னும் பார்க்கலாம். எதிரே தெர்சிலியோன் என்ற சபை மண்டபத்தின் தூண் அடிகள். ‘பத்தாயிரவர்’ என்று அழைக்கப்பட்ட ஆர்க்காடியக் கூட்டாட்சியின் பேரவை கூடிய இடம் அது. பேசுகிறவரை மறைக்காதபடி தூண்களை நடுவிலிருந்து விரியும் கோடுகளில் நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் எலிசோன் ஆறு. அந்தப் பக்கம் கண்ணை ஓட்டினால், பள்ளத்தாக்கின் மேற்கே, வெளியே வாய் விரிந்த குளிர்விப்புக் கோபுரங்களும் புகைபோக்கிகளும்.

நான் ஊரின் பழங்கதையை அண்ணனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கி.மு. 371இல் லெயுக்ட்ராவில் தீப்ஸ் நகரத்தார் ஸ்பார்ட்டாவைத் தோற்கடித்தார்கள். ஸ்பார்ட்டா மறுபடி வடக்கே தலை நீட்டாமல் இருக்க ஒரு பெரிய நகரம் வேண்டும் என்று அவர்களுடைய தளபதி எபமினோண்டாஸின் ஆதரவோடு இந்தச் சமவெளியில் மெகலோபோலிஸை எழுப்பினார்கள். ஏறத்தாழ நாற்பது சிற்றூர்களைக் கலைத்து அந்த மக்களை இங்கே குடியேற்றினார்கள். எல்லாரும் மனமுவந்து வரவில்லை. டிராபெசுஸ் ஊர்க்காரர்கள் முடியாது என்றார்கள். பிடிபட்டவர்களை மற்ற ஆர்க்காடியர்களே கொன்றார்கள், தப்பியவர்கள் கப்பலேறிக் கருங்கடல் கரையில் இருந்த அதே பெயருள்ள ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்கிறார் பௌசானியாஸ். லிகோசூரா ஊராரும் மறுத்தார்கள். அவர்கள் தங்கள் அம்மன் கோயிலுக்குள் அடைக்கலம் புகுந்ததால் விட்டுவிட்டார்கள். இப்படிக் கட்டிய நகரம் நூற்றைம்பது ஆண்டு தாண்டுவதற்குள், கி.மு. 223இல், ஸ்பார்ட்டாவின் கிளியோமெனெஸ் வந்து சூறையாடினான். பிறகு எழுந்தது, பிறகு தளர்ந்தது. பௌசானியாஸ் வந்தபோது பெரும்பகுதி இடிந்துதான் கிடந்தது.

அண்ணன் கேட்டுக்கொண்டே கோபுரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: “நீ இதைப் பழசுங்கறே, அதைப் புதுசுங்கறே. ரெண்டும் ஒரே வேலைதானே செஞ்சிருக்கு? ராஜாங்கம் ஒரு முடிவு எடுத்து, சுத்துப்பட்டு ஊர் ஜனத்தையெல்லாம் இங்க கூட்டிட்டு வந்திருக்கு. காரணம் தீர்ந்ததும் ஜனம் கலைஞ்சிருக்கு.”

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அதுவரை நான் அந்தக் காட்சியை இரண்டாகப் பிரித்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்: இந்தப் பக்கம் நாகரிகம், அந்தப் பக்கம் அதன்மேல் கொட்டிய கரி. அண்ணன் பேசிய பிறகு அந்தக் கோடு நிற்கவில்லை. அரங்கமும் இயற்கையாக முளைத்ததில்லை. நாற்பது ஊர்களின் அடுப்புகளை அணைத்துவிட்டுத்தான் இந்தப் படிகளை வெட்டினார்கள். மின் நிலையமும் அரசு எடுத்த முடிவுதான். 1970இல் அது ஓடத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் ஏதென்சுக்கும் ஆட்கள் கிளம்பிப் போய்க்கொண்டிருந்த காலத்தில், இந்தப் பள்ளத்தாக்கில் மாதச் சம்பளம் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது அதுதான். அந்தச் சம்பளத்தில் வளர்ந்த ஒருவரைப் பின்னால் சந்தித்தேன்.

அண்ணனுக்கு அந்தக் கரியைப் பற்றியும் சொல்ல இருந்தது. நெய்வேலியில் எடுக்கிறார்களே, அதே பழுப்பு நிலக்கரிதான். ஆனால் இங்கே கிடைப்பது தரத்தில் இன்னும் தாழ்ந்தது, பாதிக்கு மேல் தண்ணீர். “இவ்வளவு ஈரத்தை வெச்சுக்கிட்டு இத்தனை வருஷம் ஓட்டினதே பெரிய விஷயம்” என்றார். சக தொழிலாளிகள்மேல் உள்ள மரியாதை அது. புகை, சாம்பல், மூச்சுக் கோளாறு, தோண்டிப் போட்ட நிலம் என்று அதன் விலை என்ன என்பதும் அவருக்குத் தெரியும். தன் சொந்த நுரையீரலில் தெரியும். அதையும் மறைக்காமல் சொன்னார்.

கரிக்குள் யானை

இந்தப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஏரி. அதில் வளர்ந்து மடிந்த செடிகொடிகள்தான் கரியாகின. சுரங்கம் தோண்டும்போது அந்த ஏரியின் கரைகளும் வெளியே வந்தன. மரத்தூசா என்ற இடத்தில் 2013 முதல் தொல்மானுடவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். நேர்த்தந்த யானை ஒன்றின் எலும்புக்கூடு, அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கல்கருவிகள், எலும்பில் இறைச்சியை அறுத்த வெட்டுத்தடங்கள். நான்கு லட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை. கிரேக்கத்தில் மனிதக் கூட்டம் வாழ்ந்ததற்கான மிகப் பழைய தடயங்களில் ஒன்று, எந்தச் சுரங்கம் ஆர்க்காடியாவைக் கெடுத்ததாகச் சொல்கிறார்களோ அதன் வெட்டுமுகத்தில்தான் கிடைத்தது.

இதில் என்னை நிலைகுலைய வைத்தது பௌசானியாஸின் ஒரு சின்னக் குறிப்பு. அல்பேயோஸ் ஆற்றுக்கு அருகே பாதோஸ் என்ற இடத்தில் ஓர் ஊற்று இருக்கிறது, அதன் பக்கத்தில் நிலத்திலிருந்து நெருப்பு எழுகிறது என்று எழுதுகிறார். தேவர்களுக்கும் அரக்கர்களுக்கும் நடந்த போர் இங்கேதான் நடந்தது என்று ஆர்க்காடியர்கள் சாதிக்கிறார்களாம். மின்னலுக்கும் சூறாவளிக்கும் இடிக்கும் அந்த இடத்தில் பலி கொடுக்கிறார்களாம். மெகலோபோலிஸ் கோயில் ஒன்றில், மனிதனுக்கு இருக்க முடியாத அளவு பெரிய எலும்புகளை அரக்கனுடையது என்று காட்டினார்கள் என்றும் எழுதியிருக்கிறார். மண்ணுக்குள் தானாகப் பற்றிப் புகையும் பழுப்பு நிலக்கரி, ஆற்றங்கரை அரிப்பில் வெளிவரும் யானை எலும்பு. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு அந்த மக்கள் யோசித்திருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரிந்த மொழியில் விளக்கியிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் கரி இந்த நாட்டுக்கு வெளியிலிருந்து வந்த களங்கம் இல்லை. மனிதர்கள் அதற்குப் பூசை போட்ட காலமே உண்டு.

அதற்காக மின் நிலையத்தைக் கொண்டாடச் சொல்லவில்லை. அது போகத்தான் வேண்டும், போய்க்கொண்டும் இருக்கிறது. 2028க்குள் பழுப்பு நிலக்கரியை நிறுத்துவதாகக் கிரேக்க அரசு 2019இல் அறிவித்தது. பழைய அலகுகள் மூடப்பட்டுவிட்டன, இயற்கை எரிவாயுவில் ஓடும் அலகு வந்துவிட்டது, தோண்டிய நிலத்துப் பக்கம் சூரியத் தகடுகள் வரிசை கட்டுகின்றன. ஆனால் தகடுகளைத் துடைக்கவும் காவல் காக்கவும் எத்தனை பேர் வேண்டும்? சுரங்கம் சோறு போட்ட வீடுகளை அவை தாங்குமா? காட்சி கெட்டுப்போனதாக வருந்துகிறவர்கள் இந்தக் கேள்வியையும் கேட்டால் அவர்கள் வருத்தத்தில் நானும் பங்கு கொள்வேன்.

மற்ற இடங்களையும் பார்த்தோம். லூசியோஸ் பள்ளத்தாக்கில் பாறைச் சுவரோடு ஒட்டிக் கட்டிய புரோத்ரோமோஸ் மடம். டிமிட்சானாவில் 1821 விடுதலைப் போருக்கு வெடிமருந்து அரைத்த நீராலைகள். 1,130 மீட்டர் உயரத்தில் பாஸ்ஸே அப்பல்லோ கோயில். பாஸ்ஸேயைப் பற்றி எவ்வளவோ எழுதலாம், 1986இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய முதல் கிரேக்க இடம் அது. ஆனால் 1987 முதல் அதை மூடியிருக்கும் பெரிய வெள்ளைக் கூடாரத்துக்குள் நின்றபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: மலையின் காற்றும் மழையும் பனியும் பளிங்கைவிட மெலிந்த இந்தச் சுண்ணாம்புக் கல்லைத் தின்கின்றன, அதனால்தான் இந்தக் கூடாரம். பொலிபியஸ் சொன்ன அதே வானிலை, இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

பாட்டு என்ற கடமை

பொலிபியஸ் வானிலையைப் பற்றிச் சும்மா புலம்பவில்லை. இசையைப் பற்றிச் சொல்லத்தான் அதைத் தொட்டார். மற்றவர்களுக்கு இசை நல்லது, ஆர்க்காடியர்களுக்கு அது கட்டாயம் என்கிறார். பிள்ளைகள் சின்ன வயதிலேயே தங்கள் வட்டாரத் தெய்வங்கள்மேலும் வீரர்கள்மேலும் பாட்டுப் பயிலவேண்டும். வளர்ந்த பிறகு ஆண்டுதோறும் அரங்கத்தில் குழலிசைக்கு ஆடிப் போட்டியிட வேண்டும். அந்தச் செலவைப் பொதுப்பணமே ஏற்கும். வேறு எந்தப் படிப்பும் தெரியாது என்று சொல்ல அங்கே யாரும் வெட்கப்பட மாட்டார்கள். பாடத் தெரியாது என்று மட்டும் சொல்ல முடியாது, ஏனென்றால் எல்லாரும் கற்றாக வேண்டும். இதெல்லாம் சொகுசுக்காக வந்ததில்லை என்று அழுத்திச் சொல்கிறார். கல்லிலும் குளிரிலும் உழைத்து இறுகிப்போகிற மனிதர்களை இளக்க, ஆணும் பெண்ணும் சிறுவரும் கூடும்படி முன்னோர் செய்த ஏற்பாடு.

எதிர்ச்சான்றும் கொடுக்கிறார். வடக்கே, எல்லா ஊரையும்விடக் குளிரான கினைத்தா என்ற ஊர் இந்தப் பழக்கத்தைக் கைவிட்டதாம். அதன்பின் அங்கே நடந்த உள்சண்டையும் கொலையும் கிரேக்கத்தில் வேறெங்கும் நடக்காத அளவுக்குப் போனதாம். கினைத்தா தூதர்கள் வந்தபோது மற்ற ஆர்க்காடிய ஊர்கள் அவர்களை வெளியே போகச் சொல்லின. மாந்தினேயாவில் அவர்கள் போன பிறகு ஊரையே சுற்றிவந்து தீட்டுக் கழித்தார்கள். ஓர் ஊரின் வன்முறைக்குப் பாட்டு நின்றதுதான் காரணம் என்பதை இன்று எந்த வரலாற்றாசிரியரும் அப்படியே ஏற்க மாட்டார். எனக்கு அந்தக் காரணம் முக்கியமில்லை. ஓர் அரசியல்வாதியின் மகன், போர்களை எண்ணி எண்ணி எழுதியவர், தன் நாட்டைக் கட்டிக் காத்தது எது என்று கேட்டபோது மதிலைச் சொல்லவில்லை, படையைச் சொல்லவில்லை. குழந்தைகளின் பாட்டு வகுப்பைச் சொன்னார்.

லிகோசூராவில் இதற்கு ஒரு துணைச்சான்று இருந்தது. மெகலோபோலிஸுக்கு வர மறுத்து உயிர் தப்பியதே, அந்த ஊர். அங்கே தெஸ்பாய்னா அம்மனுக்கு மெசேனேயைச் சேர்ந்த சிற்பி தாமோபோன் பெரிய சிலைத் தொகுதி செய்தார். அம்மனின் மேலாடையில் ஆடு, கழுதை போன்ற விலங்குத் தலையுள்ள உருவங்கள் ஆடுவதைப் பளிங்கில் செதுக்கியிருந்தார். அந்தத் துண்டு இப்போது ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லிகோசூராவில் மிஞ்சியிருப்பது கோயிலின் அடித்தளமும் கொஞ்சம் கல்லும்தான். போகச் சொல்வேன். அங்கே கூட்டமே இருக்காது.

நாங்கள் போனது ஆகஸ்டில். 15ஆம் தேதி மாதாவின் திருநாள். கிரேக்க மலை ஊர்கள் ஆண்டில் ஒருமுறை நிறைகிற நாள் அது. மைனாலோ பக்கத்து ஊர் ஒன்றில், சதுக்கத்துப் பிளேன் மரத்தடியில் நீள மேசைகள் போட்டிருந்தார்கள். சுட்ட ஆட்டிறைச்சி, ரொட்டி, பீப்பாய் ஒயின். கிளாரினெட்காரர் மேடையில் ஏறியதும் எங்களை யாரும் யாரென்று கேட்கவில்லை, நாற்காலியை மட்டும் இழுத்துப் போட்டார்கள். எங்கள் மேசையில் இருந்தவர் ஏதென்ஸில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியர். அண்ணனின் வேலையைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. அவர் அப்பா மெகலோபோலிஸ் சுரங்கத்தில் வேலை பார்த்தவராம். “சித்தப்பாக்கள் எல்லாரும் மெல்பர்ன் போய்விட்டார்கள். சுரங்கம் வந்ததால் அப்பா மட்டும் தங்கினார். அதனால்தான் எனக்கு இந்த ஊர் இருக்கிறது” என்றார். குளிர்காலத்தில் இங்கே எத்தனை வீட்டில் விளக்கெரியும் என்று அண்ணன் கேட்டார். அவர் விரல்விட்டு எண்ணினார், இரண்டு கை போதுமானதாக இருந்தது.

அப்புறம் அவர் தங்கள் ஊர்ச் சங்கத்தைப் பற்றிச் சொன்னார். ஏதென்ஸில் வாடகைக்கு ஒரு கூடம் எடுத்து, குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஊர் ஆட்டம் சொல்லிக் கொடுக்கிறார்களாம். முதலில் கலமத்தியானோஸ், அப்புறம் பெரியவர்களுக்கான சாமிகோஸ். இந்த ஊரில் பிறக்காத, இங்கே பள்ளிக்குப் போகாத பிள்ளைகள். “வரமாட்டேன் என்று அழும். இழுத்துக்கொண்டுதான் போகிறோம். கணக்கில் குறைந்தால்கூட வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ஆடத் தெரியாமல் ஆகஸ்டில் எப்படி இங்கே வந்து நிற்கும்?” என்றார். நான் பொலிபியஸைச் சொன்னேன். அவருக்கு அந்தப் பகுதி தெரிந்திருந்தது. பள்ளியில் அவரே பாடம் நடத்தியதாம். சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் கூட வாடகையும் ஆட்ட ஆசிரியரின் சம்பளமும்தான் பெரிய செலவு, அதற்காக ஒவ்வோர் ஆண்டும் கூட்டத்தில் சண்டை நடக்கிறது, ஒவ்வோர் ஆண்டும் தீர்மானம் நிறைவேறிவிடுகிறது என்றார்.

அவருடைய பேத்திக்கு எட்டு வயது இருக்கும். வட்டத்தின் கடைசியில் ஆடிக்கொண்டிருந்தவள் மூச்சிரைக்க வந்து தண்ணீர் குடித்துவிட்டு, அண்ணனின் கையைப் பிடித்து இழுத்தாள். ஏழு எண்ணிக்கை என்று அவளே விரலில் காட்டிக் கொடுத்தாள்: மூன்று, இரண்டு, இரண்டு. முதல் சுற்று முழுக்க அண்ணன் எண்ணிக்கொண்டே ஆடினார். மூன்றாவது சுற்றில் எண்ணுவதை விட்டுவிட்டார்.